அலுமாரிக்கு மேல் உப்புப் போத்தல்

எங்கள் வீட்டுக் குசினியில் உப்பு வைக்கிற போத்தலுக்குப் பச்சை மூடி. ஒரு காலத்தில் அதற்குள் ஜாம் இருந்தது. ஒட்டியிருந்த கடதாசியை எவ்வளவு சுரண்டியும் முழுதாகப் போகவில்லை. ஒரு அன்னாசிப் பழத்தின் பாதி இன்னும் கண்ணாடியில் தெரியும். அந்தப் போத்தலை நான் ஒருநாள் குசினியிலிருந்து எடுத்துக்கொண்டுபோய், அறைக்குள் இருந்த அலுமாரியின் மேல், பழைய பயணப் பைக்குப் பின்னால் வைத்தேன். அக்காவுக்கு எட்டாத உயரம் அது. கதிரை வைத்து ஏறினால் எட்டும். ஆனால் கதிரையில் ஏறுகிற பலம் அப்போது அக்காவுக்கு இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன். அக்காவின் உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு வைத்தேன்.

நாங்கள் நெடுந்தீவு. அப்பா மாடு வளர்த்தவர். நான் சின்னவனாக இருக்கும்போதே இறந்துபோனார். அக்கா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு சேர்ந்து மாடு பார்த்து என்னைப் படிக்க வைத்தவர். எங்கள் குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் கடதாசி என்று எது வீட்டுக்கு வந்தாலும் அது என்னுடைய வேலையாகிவிட்டது. கடிதம், படிவம், மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கிற எழுத்து எல்லாவற்றையும் நான் வாசித்துச் சொல்லவேண்டும். அக்காவுக்கு வாசிக்கத் தெரியும். தான் வாசித்ததையும் என்னிடம் ஒருதரம் தந்து சரிபார்ப்பார். அக்காவைக் கட்டிய, கடற்றொழில் செய்கிற அத்தான்கூட எந்தக் கதை வந்தாலும் கடைசியில் "தம்பியிட்டக் கேப்பம்" என்றுதான் முடிப்பார். படிப்பு முடிந்து தீவிலேயே ஒரு அரச அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது இந்த நம்பிக்கை இன்னும் கூடியது. அவர்கள் என்னை நம்பியதைவிட நான் என்னை அதிகம் நம்பத் தொடங்கியதுதான் பிழை.

அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது நான் யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சோளகம் பேயாய் வீசிய நாள். குறித்த நாளுக்கு மூன்று கிழமை முந்தியே பிரசவ நோக் கண்டுவிட்டது. பிள்ளை தீவிலேயே சுகமாய்ப் பிறந்தது, பெண்பிள்ளை. அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு இரத்தம் போகத் தொடங்கியது. அது நிற்கவில்லை. அந்தக் கடலில் படகு விட்டு, குறிகட்டுவான் துறையில் இறக்கி, அங்கிருந்து அம்புலன்சில் பட்டினத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க மத்தியானம் தாண்டிவிட்டது. படகின் பலகைகளை மூன்று தரம் கடல் தண்ணி அள்ளி ஊற்றிக் கழுவியதாக அத்தான் பிறகொருநாள் சொன்னார். அதற்குமேல் அந்த நாளைப் பற்றி அவர் கதைத்ததில்லை. நான் ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போனபோது படுக்கை விரிப்பும் அக்காவின் முகமும் ஒரே நிறமாக இருந்தன. தலைமாட்டில் இரத்தப் பை தொங்கியது. அது எத்தனையாவது என்று நான் கேட்கவில்லை. ஒரு கிழமையில் அக்கா எழும்பி நடந்தார். தப்பிவிட்டாள், அது காணும், வேறொன்றும் வேண்டாம் என்று அம்மா கோயிலில் நேர்த்தியை நிறைவேற்றினார். எல்லோரும் அந்த நாளை மறக்க விரும்பினோம், மறந்தும் விட்டோம்.

அக்காவுக்குப் பால் வரவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறா வறுத்துக் கொடுப்பது வழக்கம். அத்தான் அதற்கென்றே வலை கொண்டுபோய்ச் சுறா பிடித்துவந்தார். அயலுக்குள் வேறு இரண்டு வீட்டாரும் கொண்டுவந்து தந்தார்கள். அம்மா உள்ளியும் மிளகும் கூடப் போட்டு வறுத்தார். அக்கா சலிக்காமல் சாப்பிட்டார். ஒரு சொட்டும் வரவில்லை. பிறகு பட்டினத்தில் பால்மா ரின் வாங்கிப் படகில் அனுப்புவது என்னுடைய வேலையாயிற்று. ஒவ்வொரு ரின்னையும் இந்தக் கையால்தான் வாங்கினேன். பால் வரவில்லை என்பது எனக்குத் தெரியாது என்று நான் ஒருநாளும் சொல்லமுடியாது.

அதன்பின் வந்த ஆறு வருடங்களில் அக்கா கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாக மாறினார். ஒரே நாளில் நடந்திருந்தால் யாருக்கும் கண்ணில் பட்டிருக்கும். சித்திரை வெயிலில் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டிருக்க, அக்கா அத்தானின் தடித்த முழுக்கைச் சேட்டைப் போட்டுக்கொண்டு குளிருது என்பார். கிணற்றில் நாலு வாளி அள்ளினால் கற்சுவரில் சாய்ந்துவிடுவார். புருவத்தின் வால்பக்க மயிர் கொட்டிப்போயிற்று. முகம் ஊதி, தோல் காய்ந்து, குரல் தடித்து, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் நீண்ட நேரம் எடுத்தது. சமைத்துக்கொண்டிருக்கும்போதே நித்திரையாகி ஒருநாள் சோறு அடிப்பிடித்தது. "பஞ்சி பிடிச்சுப்போச்சு இவளுக்கு," என்று அயல்பெண்கள் அவரைச் சோம்பேறியாக்குவார்கள். அவளுக்கென்ன, தம்பி உத்தியோகம், புருஷன் உழைக்கிறான், ஒரே ஒரு பிள்ளை, படுக்காமல் என்ன செய்வாள் என்று கிணற்றடியில் பகிடி பண்ணுவார்கள். அம்மாவே ஒருநாள் பொறுக்கமுடியாமல், தானும் இரண்டு பிள்ளை பெற்றவள்தான், பெற்ற மூன்றாம் மாதம் மாட்டுக்குப் போனவள் என்று ஏசினார். அக்கா எதிர்த்து ஒன்றும் சொல்லமாட்டார். தனக்குப் பஞ்சிதான் போல என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் அலுவலகத்திலிருந்து என்னை ஒருநாள் கருத்தரங்குக்கு அனுப்பினார்கள். குடிதண்ணீரும் சிறுநீரக நோயும் பற்றியது. எங்கள் தீவின் பல கிணறுகளில் சவர்த் தண்ணிதான். கிட்னி பழுதாகிவிடும் என்ற பயம் எங்கள் சனத்துக்கு எப்போதும் உண்டு. அங்கே ஒரு துண்டுப்பிரசுரம் தந்தார்கள். முகம் வீங்குதல், களைப்பு, பசியின்மை, வாந்தி வருவதுபோன்ற உணர்வு. வாசிக்க வாசிக்க எனக்கு அக்காவின் முகம் தெரிந்தது. மற்றவர்கள் பஞ்சி என்று சொன்னதை நான் நோய் என்று கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு பெருமை எழுந்தது. நோய் என்பது சரி. எந்த நோய் என்பதையும் நானே முடிவுசெய்துகொண்டேன். பிரசுரத்தின் கடைசியில் தடித்த எழுத்தில், உப்பைக் குறையுங்கள் என்று இருந்தது.

அத்தான் தொழிலுக்குப் போயிருந்தபடியால் நான்தான் அக்காவைப் பட்டினத்துக்குக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் ஒரு ஃபைல். அதற்குள் பிறசர் அளந்த துண்டுகள், பழைய பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் திகதி வாரியாக அடுக்கியிருந்தேன். பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் தந்த அட்டையை மட்டும் வைக்கவில்லை. கிட்னி விசயத்துக்கு அது எதற்கு என்று நினைத்தேன். அது பெண்களின் அலுவல், அதை நான் ஏன் காவவேண்டும் என்றும் எங்கோ ஓர் எண்ணம் இருந்திருக்கும். வெளியில் நூறு பேர் காத்திருந்தார்கள். வைத்தியர் அக்காவைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார். அக்கா மறுமொழி சொல்ல நேரம் எடுத்தபடியால் ஒவ்வொன்றுக்கும் நான் முந்திக்கொண்டு சொன்னேன். பசி இல்லை ஐயா. நித்திரை கூடுதல். முகம் காலமையில கூடுதலா வீங்கும். எழுதிக்கொண்டே வந்தவர், தலையை நிமிர்த்தாமல் அதே வேகத்தில் கேட்டார்.

"மாதவிடாய் ஒழுங்கா வருகுதோ?"

அந்தச் சொல்லை என் வாழ்க்கையில் ஒருநாளும் அக்காவின் முன்னால் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீடு இரண்டு அறை வீடு. சில நாட்களில் அக்கா கோயிலுக்குப் போகாமல் நிற்பதும், அம்மா காரணம் சொல்லாமல் என்னை மட்டும் அனுப்புவதும் சின்ன வயதில் நடந்ததுண்டு. ஏன் என்று நான் கேட்டதில்லை. என் காது சுட்டது. அக்கா நிலத்தைப் பார்த்தார். ஒருகணம் அமைதியாக இருந்திருந்தால் அக்கா சொல்லியிருப்பாரோ என்னவோ. அந்த ஒருகணத்தை என்னால் தாங்கமுடியவில்லை.

"ஓம் ஐயா, ஒழுங்காத்தான்," என்றேன்.

அவர் அதை எழுதினார். அக்கா மெதுவாகத் திரும்பி என்னை ஒருதரம் பார்த்தார். தன்னை அந்த இக்கட்டிலிருந்து காப்பாற்றிவிட்டதற்கு நன்றியோடு பார்க்கிறார் என்று நான் நினைத்தேன்.

இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தைக் காட்டுகிற எண் ஒன்று இருக்கவேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, மூன்று மாதத்தில் திரும்பச் செய்து பார்ப்போம், உப்பை அளவாகப் பாவியுங்கள் என்று சொல்லி அனுப்பினார் வைத்தியர். எனக்கு அந்தக் "கொஞ்சம்" கேட்கவில்லை. நான் நினைத்தது சரி என்பது மட்டும் கேட்டது. வீட்டுக்கு வந்த அன்றே பச்சை மூடிப் போத்தல் அலுமாரிக்கு மேல் போயிற்று. கருவாடு நிறுத்தினேன். அம்மா எல்லோருக்குமாகச் சமைப்பதில் அக்காவுக்கு மட்டும் உப்பில்லாமல் வேறாக எடுத்து வைக்கப் பழக்கினேன். அக்காவால் அது இறங்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைப்பார். கட்டிலிலிருந்து எழும்பும்போது கண் இருட்டுகிறது என்றார். நோய் முற்றுகிறது, இன்னும் கடுமையாக இருக்கவேண்டும் என்று நான் கணக்குப் போட்டேன்.

ஒரு பின்னேரம் அலுவலகத்திலிருந்து வந்தபோது அக்கா மாட்டுக் கொட்டிலில் நின்றார். மாட்டுக்குத் தண்ணியில் கரைத்து வைப்பதற்காக ஒரு சிரட்டையில் கல்லுப்பு இருக்கும். முதுகு எனக்குத் தெரிந்தது. சிரட்டையிலிருந்து ஒரு கல்லை எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மிட்டாய் சூப்புகிற பிள்ளையைப்போல நின்றார். சத்தம் கேட்டுத் திரும்பியவர் அவசரமாகக் கையைப் பின்னால் மறைத்தார். எனக்கு மூத்தவர், தன் படிப்பை எனக்குத் தந்தவர், என்னைக் கண்டு பயந்து கையை மறைத்தார். அப்போது நான் சொன்னதை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பை எழுதுவதில் அர்த்தமில்லை. "மாடெல்லோ உப்பு நக்கிறது. நீங்கள் மனிசரோ, மாடோ?" என்றேன். அக்கா வாயிலிருந்த கல்லைத் துப்பிவிட்டு உள்ளே போனார். அக்காவின் ஆறு வயதுப் பிள்ளை, என் மருமகள், வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

அதற்குப் பத்து நாளில் மருமகள் பள்ளிக்கூடத்திலிருந்து காய்ச்சலும் வயிற்றோட்டமும் கொண்டுவந்தாள். அவளுக்கு இரண்டு நாளில் சுகமாயிற்று. அவளிடமிருந்து தொற்றிய அக்கா மூன்றாம் நாள் காலமை எழும்பவில்லை. உடம்பு சில்லிட்டிருந்தது. குடிக்கக் கொடுத்த எல்லாமே வாந்தியாகப் போயிற்று. என்னைப் பார்த்து "அப்பா" என்று கூப்பிட்டார். அத்தான் தன் படகிலேயே ஏற்றினார். அம்மா பிள்ளையோடு நின்றுவிட, நாங்கள் இருவரும் கொண்டுபோனோம். முதல் தடவை சோளகத்தையும் கடலையும் குற்றம் சொல்ல முடிந்தது. இந்தத் தடவை கடல் ஒரு பிழையும் விடவில்லை. தொட்டித் தண்ணிபோலக் கிடந்தது. பாதி வழியில் சாரல் தெறித்து அக்காவின் உதட்டில் பட்டது. நினைவு தப்பிய நிலையிலும் அவர் நாக்கை நீட்டி அதை நக்கினார். நான் துவாயால் அவருடைய வாயைத் துடைத்துவிட்டேன்.

பட்டினத்தில் அத்தான் படிவம் எழுதுகிற இடத்தில் நிற்க, நான் ஃபைலோடு கட்டிலடியில் நின்றேன். வந்தவர் ஒரு பெண் வைத்தியர். அம்மாவைவிடக் கொஞ்சம் இளையவர். அக்காவின் கண் இமையைப் பிடித்துப் பார்த்தார், புருவத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். நான் ஃபைலைத் திறந்து கிட்னி நோயாளி என்று தொடங்கினேன். அவர் கேட்டுக்கொண்டு, எத்தனை பிள்ளை, கடைசிப் பிள்ளை எப்போது என்றார். ஆறு வருடம் என்றேன்.

"பிறந்த நேரம் இரத்தம் கனக்கப் போனதோ?"

"ஓம்."

"பிள்ளைக்குப் பால் குடுத்தவவோ?"

"பால் வரேல்லை. நான்தான் மா வாங்கி அனுப்பினனான்."

அவர் கை நின்றது. கிளினிக் கொப்பியைப் புரட்டினார். மாதவிடாய் ஒழுங்கு என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார்.

"இது ஆர் சொன்னது?"

நான் சொல்லவில்லை, வைத்தியரே எழுதிவிட்டார் என்று சொல்ல ஒரு வழி இருந்தது. அந்த வழி என் கண்ணுக்குத் தெரிந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டிலில் அக்கா கிடந்தார்.

"நான்தான் சொன்னனான், டொக்டர். எனக்குத் தெரியாது. வெக்கத்தில சொல்லிப்போட்டன்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேளும் என்றார். தொலைபேசியில் அம்மாவின் குரல் வந்ததும் எனக்கு மறுபடியும் அதே நோய் பிடித்தது. அக்கா சாகக் கிடக்கிறார், கேட்கவேண்டியது ஒரே ஒரு கேள்வி, அதை அம்மாவிடம் கேட்க நாக்கு எழும்பவில்லை. பக்கத்தில் நின்ற தாதியிடம் போனைக் கொடுத்தேன். அவர் இரண்டு நிமிடம் கதைத்துவிட்டு வந்து என்னைப் பார்க்காமல் வைத்தியரிடம் சொன்னார்: "பிள்ளை பிறந்த நாளில இருந்து ஒருக்காலும் வரேல்லையாம், மிஸ். ஆரும் கேக்கேல்லை, அதால சொல்லேல்லையாம்."

இரத்தம் எடுத்து அனுப்பிய கையோடு, முடிவு வருமுன்பே ஒரு ஊசியும் சேலைனும் ஏற்றத் தொடங்கினார்கள். சேலைன் என்றால் உப்புத் தண்ணி. நான் அலுமாரிக்கு மேல் ஒளித்து வைத்தது துளித்துளியாக அக்காவின் கைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் அக்காவின் முகத்தில் நிறம் வந்தது. பசிக்குது என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருடம் என்று அத்தான் வெளியில் போய் அழுதார்.

வைத்தியர் பிறகு எங்களுக்கு விளக்கினார். மூளைக்கு அடியில் கடலைக்கொட்டை அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அது வீங்கி நிற்கும். பெறுகிற நேரம் இரத்தம் அளவுக்கு மிஞ்சிப் போனால் அதற்கு இரத்தம் கிடைக்காமல் பட்டுப்போகும். "வீட்டில வேலை செய்யிற ஆக்கள் எல்லாரும் இருக்கினம், வேலை சொல்ல ஆளில்லை. அப்பிடித்தான்," என்றார். பால், மாதவிடாய், உடம்புச் சூடு, பிறசர் எல்லாம் அதன் கட்டளையில் நடப்பவை. இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்துபோனதால்தான் உடம்பு உப்புக் கேட்டது. சிறுநீரகத்தில் ஒரு பழுதும் இல்லை. மற்றதெல்லாம் சரியானால் பரிசோதனையில் கூடிநின்ற அந்த எண்ணும் இறங்கிவிடும் என்றார். அது இறங்கியும் விட்டது. கபச்சுரப்பி. அந்தப் பெயர் எனக்குப் புதிதல்ல. சாதாரண தரப் பரீட்சைக்கு அதன் படத்தைக் கீறி, குறித்து, முழுப் புள்ளி எடுத்தவன் நான். அந்தப் பரீட்சைக்கு நான் படிக்கும்போது மண்ணெண்ணெய் விளக்குச் சிமினியைத் துடைத்துத் தந்தவர் அக்கா.

இப்போது அக்கா ஒவ்வொரு நாளும் மருந்துக் குளிசை எடுக்கிறார். சாகும்வரை எடுக்கவேண்டும், ஒரு நாளும் தவறக்கூடாது, காய்ச்சல் வந்தால் வைத்தியர் சொன்னபடி கூட்டி எடுக்கவேண்டும். நாலு வாளி என்ன, தொட்டி நிறைய அள்ளுகிறார். ஊரில் என்னைப் பற்றி ஒரு கதை உண்டு. படிச்ச தம்பி இருந்தபடியால் உடனே கொண்டுபோய்த் தப்பவைத்தான் என்று. கிணற்றடியில் பகிடி பண்ணியவர்களே இப்போது என்னிடம் தங்கள் மருந்துத் துண்டைக் கொண்டுவருகிறார்கள். பல மாதங்கள் நான் அந்தக் கதையைத் திருத்தவில்லை. ஒருநாள் அக்கா முற்றத்தில் நெத்தலியைக் காயப் பரவிக்கொண்டிருக்க, பக்கத்தில் குந்தியிருந்து, கிளினிக்கில் நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். அக்கா கையை நிறுத்தவில்லை.

"நீ சொன்னது பொய்யெண்டு எனக்கு அப்பவே தெரியாதோ? எனக்குப் பக்கத்திலயெல்லோ இருந்தனி."

"பிறகேன் அக்கா திருத்தேல்லை?"

"உன்ர முகத்தைப் பாத்தன். வெக்கத்தில செத்துக்கொண்டிருந்தாய். பாவமாக் கிடந்துது, விட்டிட்டன்."

நன்றி என்று நான் நினைத்த பார்வை அதுதான். தன் உயிருக்கான கேள்வி ஒன்று மேசையில் கிடக்க, என்னுடைய வெட்கத்தைப் பார்த்து இரங்கி அதை விட்டுக்கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தை விட்டுக்கொடுத்ததுபோல. அன்று முழுவதும் நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அதன்பிறகு யார் மருந்துத் துண்டு கொண்டுவந்தாலும் முதலில் இந்தக் கதையைச் சொல்கிறேன். சிலர் துண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். போகட்டும்.

பச்சை மூடிப் போத்தல் திரும்பவும் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அதை அலுமாரியிலிருந்து இறக்கியது அத்தான். நான் அதைத் தொடுவதில்லை. கறியில் உப்புக் குறைந்தாலும் அப்படியே சாப்பிட்டுவிட்டு எழும்புவேன். போன கிழமை மத்தியானம் அக்கா எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் இருந்தார். கத்தரிக்காயில் உப்பு மருந்துக்கும் இல்லை. அம்மா சமைத்தது, அந்த நாட்களின் கைப்பழக்கம் அவருக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. கறி எப்படி என்று அக்கா கேட்டார். ஒழுங்காத்தான் இருக்கு என்ற சொல் என் வாய்க்குள் வந்துவிட்டது. வந்த சொல்லை அப்படியே விழுங்கினேன்.

"உப்புக் காணாது, அக்கா."

"பிறகேன் சும்மா இருக்கிறாய்? எடுத்துப் போடன்."

என் கை நீளவில்லை. அக்கா என் கையைப் பார்த்தார். எழும்பிப்போய்ப் போத்தலைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து, ஒரு கிள்ளு எடுத்து என் கோப்பையின் ஓரத்தில் வைத்தார். விரலில் மிச்சம் ஒட்டியிருந்ததை, என் கண்முன்னாலேயே, ஒளிக்காமல் தன் நாக்கில் வைத்துக்கொண்டார்.